முத்திரை சேதமில்லை

மனித குலம் இதுவரை எழுப்பிய கோட்டைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். மலைமேல் கட்டியவை, கடலோரம் கட்டியவை, என் அத்தான் தம் வீட்டு முன்னறையில் கட்டியது. முதல் இரண்டு வகையும் என்றைக்காவது ஒருநாள் எதிரியிடம் விழுந்திருக்கின்றன. மூன்றாவது கடைசிவரை விழவில்லை. எதிரி யாரும் வரவில்லை என்பது வேறு விஷயம். வந்த எதிரியைத் தடுப்பதைவிட வராத எதிரியைத் தடுப்பதுதான் கடினம் என்பார் அத்தான். எப்போது நிறுத்தலாம் என்று தெரியாதல்லவா!

அத்தான் ஒரு பெரிய அலுவலகத்தின் பதிவறைக் கண்காணிப்பாளர். இருபத்தாறு ஆண்டு சேவையில் அவருடைய அறையிலிருந்து ஒரு காகிதம் காணாமல் போனதில்லை. கேட்டவர்களுக்குக் கிடைத்ததும் இல்லை. இரண்டும் ஒரே சாதனையின் இரு பக்கங்கள் என்பதை அவருடைய மேலதிகாரிகள் புரிந்துகொண்டிருந்தார்கள். அதனால்தான் ‘தகவல் பாதுகாப்பு’ என்ற அரைநாள் பயிலரங்குக்கு அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள்.

அங்கே ஒரு நிபுணர் இரண்டே கேள்வி கேட்டாராம். “உங்கள் வீட்டுக் கணினியில் இருப்பவற்றுக்குப் பிரதி வைத்திருக்கிறீர்களா? உங்கள் திரையை வேறு யார் பார்க்கிறார்கள்?” பதில் சொல்வதற்குள் தேநீர் இடைவேளை வந்துவிட்டது. அத்தான் ஒரு துணிப்பையும் ஒரு பேனாவும் ஒரு வாழ்நாள் லட்சியமுமாக வீடு திரும்பினார்.

வீட்டில் பாதுகாக்கத் தகுந்தது எது என்று தேடியபோது அகப்பட்டது என் அக்காவின் கணினி.

அக்கா காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியை. பள்ளி விட்டு வந்ததும் கணினிமுன் உட்கார்ந்து பட அட்டைகள் வரைவாள். மேலே படம், கீழே சொல். குடை, செருப்பு, பல்வலி, பக்கத்து வீடு, தண்ணீர் வேண்டும். பேச வராத பிள்ளை அட்டையை எடுத்துக் காட்டினால் போதும், அது பேசியதாக அர்த்தம். அறுநூற்று நாற்பது அட்டைகள் என்பது அவள் கணக்கு. முடிந்ததும் பள்ளியே அச்சடித்துப் பிள்ளைக்கு ஒரு பெட்டி கொடுப்பதாக ஏற்பாடு. முப்பத்திரண்டு தலைப்புகளில் முப்பத்திரண்டு படங்கள் திரையில் வரிசையாக நிற்கும். எதைத் தட்டினாலும் அந்தத் தலைப்பின் அட்டைகள் திறக்கும். வாங்கும்போதே கடைக்காரர் அவளுடைய வசதிக்காக அப்படி அமைத்துக் கொடுத்திருந்தார்.

“இத்தனை நாளா இதுக்குப் பிரதியே இல்லையா?” என்றார் அத்தான், கூரையில்லாத வீட்டில் குழந்தையைக் கண்டவர் போல.

“இல்ல. ஒண்ணு எடுத்துக் குடுங்களேன்,” என்றாள் அக்கா.

பத்து நிமிட வேலை என்று நினைத்துவிட்டாள். பாவம், ஆசிரியை. அலுவலக அனுபவம் கிடையாது.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு ‘வீட்டுத் தகவல் பாதுகாப்பு மற்றும் அந்தரங்கப் பேணல் நிலைக்குழு’ சாப்பாட்டு மேசையில் கூடியது. தலைவர், அத்தான். செயலாளர், நான். அந்தத் தெருவிலேயே குடியிருப்பவன், ஞாயிறு பத்து மணிக்கு வேறு வேலை இல்லாதவன் என்ற இரு தகுதிகளால் எனக்கு அந்தப் பதவி கிடைத்தது. அக்காவுக்கு ‘பயனாளி’ என்று பெயர். உட்காரலாம், வாக்கு கிடையாது.

“ஏன், நான் உறுப்பினர் இல்லையா?”

“தகவல் உன்னோடது. உன் தகவலப் பத்தி நீயே முடிவெடுத்தா அதுல நடுநிலை இருக்குமா? மாப்ளே, எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன்.

முதலில் அந்தரங்கம். கணினி ஜன்னலோரம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கீழே, ஒரு தையல்காரர் மிஷின் போட்டிருந்தார். அவர் தலையைத் தூக்கினால் அக்காவின் திரை தெரியும். முப்பது ஆண்டாக அவர் ஊசியைத் தவிர எதையும் உற்றுப் பார்த்ததில்லை என்பதைக் குழு கவனத்தில் கொண்டது. ஆனாலும் ‘இனி பார்க்கக்கூடும்’ என்று பதிவு செய்தது. கணினி முழுவதையும் மூடும்படி கறுப்பு ரெக்சினில் ஓர் உறை தைக்க முடிவாயிற்று. முன்பக்கம் ஒரு முக்காடு. வேலை செய்பவர் தலையை அதற்குள் நுழைத்துக்கொள்ள வேண்டும். பழைய காலத்தில் போட்டோ எடுப்பவர் கறுப்புத் துணிக்குள் புகுந்துகொள்வாரே, அந்த மாதிரி.

உறையைத் தைத்துத் தந்தவரும் அதே தையல்காரர்தான். யாரிடமிருந்து மறைக்கிறோமோ அவரிடமே அளவு கொடுத்தது குழுவின் பெருந்தன்மை. அளவெடுக்க வந்தவர் பெட்டியின் பின்னால் கையை வைத்துப் பார்த்தார்.

“சார், இந்தப் பக்கம் அனலா வருது. மூச்சு விட ஒரு ஓட்டை விட்டுத் தைக்கட்டுமா?”

அத்தான் சிரித்தார். “ஓட்டை வெச்சா அப்புறம் அது என்னப்பா பாதுகாப்பு?”

அன்றிலிருந்து என் அக்காவைப் பார்க்க யார் போனாலும் ஒரு கறுப்பு மூட்டைதான் கண்ணில் படும். மூட்டையிலிருந்து கால் இரண்டும் புடவைக் கரையும் மட்டும் தெரியும். “வாடா, உக்காரு,” என்று மூட்டை சொல்லும்.

“எப்படிக்கா இருக்கு உள்ள?”

“தலை வேகுதுடா.”

‘பயனாளி வெப்பம் குறித்துத் தெரிவித்தார். குறித்துக்கொள்ளப்பட்டது.’ நான்தான் எழுதினேன்.

அடுத்தது பிரதி. கையடக்கமான ஒரு வட்டு வாங்கினோம். காலாண்டுக்கு ஒருமுறை கணினியிலிருந்து அதற்குப் பிரதி எடுப்பது. கடவுச்சொல் போட்டுப் பூட்டுவது. துணிப்பையில் இட்டு, வாயைக் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்து அலமாரியில் வைப்பது. அது மட்டுமா? ஒவ்வொரு ஞாயிறும் பையை வெளியே எடுத்து, பூதக்கண்ணாடியால் அரக்கை ஆராய்ந்து, ‘முத்திரை சேதமின்றி உள்ளது’ என்று பதிவேட்டில் எழுதி, தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போடுவது. மூன்று ஆண்டில் நூற்றைம்பத்தாறு ஞாயிறு. மழை, காய்ச்சல், உறவில் ஒரு சாவு, எதற்கும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த அத்தானுக்கு நான் பையைக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். நர்ஸ் அதை ஏதோ பிரசாதம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

முதல் பிரதி எடுத்த நாளை மறக்க முடியாது. அத்தான் திரையிலிருந்த முப்பத்திரண்டு படங்களையும் மொத்தமாகப் பிடித்து இழுத்து வட்டில் போட்டார். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

“அவ்ளோதானா?” என்றாள் அக்கா, முக்காட்டை விலக்கிக்கொண்டு. “அத்தனை படமும் இவ்ளோ சீக்கிரமாவா போகும்? நான் ஒண்ணே ஒண்ண பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாலே சுத்திக்கிட்டே நிக்குதே?”

“நீ அனுப்புறதும் நான் அனுப்புறதும் ஒண்ணா?” என்றார் அத்தான். பிறகு குனிந்து திரையை ஊன்றிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. “மாப்ளே, இங்க பாரு. ஒவ்வொரு படத்துக்கும் மூலையில ஒரு சின்ன வளைஞ்ச அம்புக்குறி இருக்கா?”

இருந்தது.

“எங்க ஆபீஸ்ல அனுப்புகைப் பிரிவுல இதே குறிதான். பிரதி போய்ச் சேந்துடுச்சுன்னா காகிதத்து மூலையில நீலப் பென்சிலால இப்படி ஒரு அம்பு போடுவோம். அம்பு இருந்தா அனுப்பியாச்சு. அம்பு இல்லேன்னா அனுப்பல. கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சவன் நிச்சயம் ஒரு பதிவறையில வேலை பாத்திருக்கான்!”

“எதுக்கும் ஒருதடவை திறந்து பாருங்களேன்,” என்றாள் அக்கா.

“முத்திரை வெச்சாச்சு.”

“இன்னும் வெக்கலையே. அரக்கு இப்பதானே உருகுது?”

‘பயனாளியின் ஐயம் பதிவு செய்து நிராகரிக்கப்பட்டது. முப்பத்திரண்டு இனங்களிலும் அம்புக்குறி உள்ளமை சரிபார்க்கப்பட்டது.’ ஒவ்வொரு காலாண்டும் அவள் அதையே கேட்டாள். ஒவ்வொரு காலாண்டும் நான் அதையே எழுதினேன். பன்னிரண்டாவது தடவை அவள் கேட்காமலேயே எழுதிவிட்டேன்.

கடவுச்சொல் இருபத்துநான்கு எழுத்து, காலாண்டுக்கு ஒன்று புதிதாக. எட்டெட்டாக மூன்று காகித உறையில். ஒன்று தலைவரிடம், ஒன்று செயலாளரிடம், ஒன்று அலமாரியில். பயனாளியிடம் எதுவும் இல்லை. சாவியைச் சொத்துக்காரரிடமே கொடுத்தால் பிறகு காவலுக்கு என்ன மரியாதை? உறையை ஒட்டுமுன் ‘ஒப்பீடு’ உண்டு. பதிவறை மரபு அது: ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் டிக் போட வேண்டும். நான் படிப்பேன். “பெரிய கே! சின்ன எம்! நட்சத்திரம்! ஏழு!” ஜன்னலுக்குக் கீழே மிஷின் ஓடுகிற சத்தத்தில் அத்தானுக்குக் கேட்காது. “உரக்க, மாப்ளே!” உரக்கப் படிப்பேன். தையல்காரர் பண்புள்ளவர்; நாங்கள் ஒப்பிடும்போது மிஷினை நிறுத்திக்கொள்வார்.

இப்படிக் கோட்டை ஒரு குறையுமில்லாமல் நின்றுகொண்டிருந்தபோதுதான், ஒன்றரை ஆண்டு கழித்து, உள்ளேயிருந்தே ஒரு துரோகம் வெளிப்பட்டது.

ஒரு ஞாயிறு, குழு கூடியிருக்கும் நேரம். ஓர் அம்மா சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அக்காவைக் கண்டதும் கைபேசியை எடுத்துக் காட்டினாள். அதில் அக்கா வரைந்த அட்டை. வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை. கீழே ‘வயிறு வலிக்கிறது’.

“நேத்து இவளே என் போனை எடுத்து இதைத் தொட்டுக் காட்டினா டீச்சர். முன்னெல்லாம் அழுவா, எங்க வலிக்குதுன்னு நாங்க தலைமுதல் கால்வரை தடவித் தடவிப் பாப்போம். நேத்துதான் முதல் தடவை... அவளே சொன்னா.”

அக்கா அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டாள். அத்தான் கைபேசியை வாங்கிக்கொண்டார்.

“இது எப்படி வெளிய வந்துது?”

“டீச்சர்தான் அனுப்பினாங்க. எங்க ஒம்பது பேருக்குமே அனுப்பறாங்களே,” என்றாள் அந்த அம்மா பெருமையாக.

அவள் போனதும் விசாரணை. நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள் ஒன்பது தாய்மார்களுக்குக் ‘கசிந்துள்ளன’ என்பது நிரூபணமாயிற்று.

“அச்சுல வர்றவரைக்கும் பிள்ளைங்க காத்திருக்கணுமா?” என்றாள் அக்கா. “வலி காத்திருக்குமா?”

“உணர்ச்சிவசப்படாதே. நாளைக்கு அந்தப் படத்த யாராவது எடுத்துத் தப்பா உபயோகிச்சா?”

“வயித்து வலியை எப்படிங்க தப்பா உபயோகிக்கறது?”

“ஆபீஸ்ல தினமும் பாக்கறேன், எனக்குத் தெரியாதா?”

ஆணை பிறந்தது: இனி ஓர் அட்டைகூட வீட்டை விட்டு வெளியேறலாகாது. அக்கா என்னைப் பார்த்தாள். “டேய், நீயாவது சொல்லேன்டா.”

செயலாளர் கருத்துச் சொல்வது மரபல்ல. ஆணையைச் சுத்தமான கையெழுத்தில் எழுதி அவளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினேன். அதற்குப்பின் அவள் யாருக்கும் எதையும் அனுப்பவில்லை. முக்காட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு மிச்ச இருநூற்று இருபத்தெட்டையும் வரைந்து முடித்தாள். அதெல்லாம் கஷ்டமான சொற்களாம். குடை, செருப்பு மாதிரி இல்லை. ‘பயமாக இருக்கிறது’, ‘நான் செய்யவில்லை’, ‘என்னை அடிக்கிறார்கள்’, ‘தொடாதே’, ‘மன்னித்துவிடு’. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் வேண்டும். அந்த முகத்தைப் பார்த்ததும் பிள்ளைக்குப் புரிய வேண்டும்.

அடுத்த புதன்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற நிலையில், சனிக்கிழமை முற்பகல், கறுப்பு மூட்டைக்குள்ளிருந்து புகை வந்தது. அக்கா முக்காட்டை உதறிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். ரப்பர் கருகும் வாடை. திரை ஒருமுறை நீலமாகி, கறுத்து, அப்படியே நின்றுவிட்டது.

கணினி பழுதுபார்க்கும் பெண் ஒருத்தி முதுகுப்பையோடு வந்தாள். உறையை உரித்தாள். பெட்டியைத் திறந்தாள். முகம் சுளித்தாள்.

“யாரு சார் இதுக்குச் சட்டை தெச்சுப் போட்டது? காத்தே போகாம உள்ள எல்லாம் வெந்திருக்கு. டிஸ்க்கும் போச்சு. எடுக்க முடியுமான்னு எங்க லேப்ல ரெண்டு நாள் வெச்சுப் பாக்கறேன், ஆனா நம்பிக்கை குடுக்க மாட்டேன்.”

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அத்தானின் முகத்தில் அன்று நான் கண்ட ஒளியைப் போல அவருடைய கல்யாணப் படத்தில்கூடக் கண்டதில்லை. “கவலையே படாதீங்க,” என்றார். “இந்த நாளுக்காகத்தான் மூணு வருஷமா உழைச்சிருக்கோம். மாப்ளே, அவசரக் கூட்டம்!”

பை வந்தது. பூதக்கண்ணாடி வந்தது. முத்திரை சேதமின்றி உள்ளது என்று எழுதினோம். அதன்பிறகு அத்தான் அரக்கை உடைத்தார். பழுதுபார்க்கும் பெண் தன் மடிக்கணினியில் வட்டைச் செருகினாள். முதல் உறை பிரிந்தது. இரண்டாவது பிரிந்தது. மூன்றாவதில் ஒரு சிக்கல். அத்தான் அந்தக் காலாண்டு உறைமேலும் அரக்கைத் தாராளமாக ஊற்றியிருந்தார். அது காகிதத்துக்குள் இறங்கிக் கடைசி ஐந்து எழுத்தைச் சிவப்பாக விழுங்கியிருந்தது.

“ஞாபகம் இருக்கா மாப்ளே?”

“எனக்கெப்படி அத்தான்? மறக்கணும்னு நீங்கதானே தீர்மானம் போட்டீங்க?”

ஜன்னலுக்குக் கீழே மிஷின் நின்றது.

“சார், தப்பா நினைக்கலேன்னா... ‘சின்ன ஆர், ஒம்போது, நட்சத்திரம், பெரிய டி, பெரிய டி’. போன தடவை ரெண்டு ‘பெரிய டி’யான்னு நீங்க மறுபடி கேட்டீங்க. அதான் மனசுல நின்னுடுச்சு. அதுக்கு முந்தின பதினோரு தடவையோடதும் சொல்லட்டுங்களா?”

பழுதுபார்க்கும் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டினாள். பூட்டு திறந்தது. முப்பத்திரண்டு படங்களும் வரிசையாக வந்து நின்றன, மூலைக்கு ஒரு வளைந்த அம்புக்குறியோடு. “பாத்தியா!” என்றார் அத்தான் அக்காவிடம். அவள் எழுந்து வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

பழுதுபார்க்கும் பெண் ஒன்றைத் தட்டினாள். இன்னொன்றைத் தட்டினாள். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“சார், இது அட்டை இல்ல. அட்டை எங்க இருக்குன்னு காட்டுற கைகாட்டி.”

“சரி, எங்க இருக்காம்?”

“அந்தக் கம்ப்யூட்டர்ல.”

“எந்தக் கம்ப்யூட்டர்ல?”

“இப்ப எரிஞ்சுபோச்சே, அதுல. இந்த அம்புக்குறிக்கு அர்த்தமே அதான் சார். ‘நான் இங்க இல்ல, அங்க போய்ப் பாரு.’ ஒருதடவை திறந்து பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்குமே?”

அவளே வட்டைத் துருவி, “ஒண்ணே ஒண்ணு மட்டும் முழுசா இருக்கு,” என்று திறந்தாள். அது குழுவின் நடவடிக்கைக் குறிப்பு. நான் எழுதியதை அத்தான் திரையிலேயே நேரடியாகத் தட்டச்சு செய்து வைத்திருந்ததால், கைகாட்டி ஏதுமின்றித் தானே வந்து சேர்ந்திருந்தது. ஒரு வரி குறையவில்லை.

அக்கா நின்றபடியே படித்தாள். “‘பயனாளியின் ஐயம் பதிவு செய்து நிராகரிக்கப்பட்டது.’” அடுத்த பக்கம். “‘பயனாளியின் ஐயம் பதிவு செய்து நிராகரிக்கப்பட்டது.’” பன்னிரண்டையும் படித்தாள். குரலை உயர்த்தவில்லை. ஒப்பீட்டுக்குப் படிப்பது போலத்தான் இருந்தது. ஆனால் டிக் போட யாருக்கும் கை வரவில்லை.

பிறகு அவள் ஒன்பது தாய்மார்களுக்கும் போன் செய்தாள். அன்று சாயங்காலத்துக்குள் ‘கசிந்த’ நானூற்றுப் பன்னிரண்டும் ஒன்றுவிடாமல் திரும்பி வந்தன. வயிற்றுவலிப் பெண்ணின் அம்மா ஒவ்வொன்றையும் மூன்று மூன்று தடவை அனுப்பியிருந்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று. வராதவை ஆணைக்குப்பின் வரைந்த இருநூற்று இருபத்தெட்டும். செவ்வாய்க்கிழமை லேபிலிருந்தும் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை நானூற்றுப் பன்னிரண்டு மட்டும் அச்சுக்குப் போயின. பிள்ளைகள் இந்த வருஷம் குடை என்பார்கள், செருப்பு என்பார்கள். பயமாக இருக்கிறது என்று சொல்ல அடுத்த வருஷம்வரை பொறுக்க வேண்டும்.

மறு ஞாயிறு குழு கூடி நிலைமையை ஆராய்ந்தது. ஒன்பது தாய்மார்களிடம் பிரதிகள் இருந்தது தலைவரின் தொலைநோக்குடைய ‘வெளியிடத்துப் பிரதித் திட்டத்தின்’ ஒரு பகுதியே என்று தீர்மானம் நிறைவேறியது. பயனாளி வரவில்லை. தீர்மானம் ஒருமனதானது.

நல்லது எங்கே நடந்தாலும் உலகம் கண்டுகொள்ளும். அத்தானின் மூன்றாண்டுப் பதிவேட்டைப் பார்த்து அசந்துபோன அலுவலகம், இந்த முறை பயிலரங்கில் அவரையே பேச அழைத்து, ஒரு கேடயமும் கொடுத்தது. ‘ஒரு கசிவும் இல்லாத மூன்று ஆண்டுகள்’ என்பது தலைப்பு. உரை நான் எழுதியது. முடிவில் பின்வரிசையிலிருந்து ஒரு தட்டச்சர் எழுந்து கேட்டாள்: “சார், பிரதி எடுத்ததும் ஒருதடவையாவது திறந்து பாத்தீங்களா?”

அத்தான் அவளை இரக்கத்தோடு பார்த்தார். “திறந்து பாத்தா அப்புறம் அது என்னம்மா பாதுகாப்பு?”

அரங்கம் அதிரக் கைதட்டியது. நானும் தட்டினேன். நூற்றைம்பத்தேழு கையெழுத்துப் போட்டுப் பழகிய கை, தானாகவே எழுந்துவிட்டது.

கேடயத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். முன்னறையில் புதுக் கணினி. உறை இல்லை, ஜன்னல் விரியத் திறந்திருந்தது. அக்கா வரைந்துகொண்டிருந்தாள். வரைந்ததை வரைந்ததும் ஒன்பது பேருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து தையல்காரர் எட்டிப் பார்த்து, “டீச்சர், அந்தப் பயம் இப்ப நல்லா வந்திருக்கு,” என்றார்.

“எவ்வளவு ஆச்சுக்கா?”

“மத்ததெல்லாம் முடிச்சிடுவேன். ‘மன்னித்துவிடு’ மட்டும் வரமாட்டேங்குது. முன்ன எப்படி வரைஞ்சேன்னு ஞாபகம் இல்ல.”

“அதுல என்ன கஷ்டம்? யாரையாவது பாத்து வரை,” என்றார் அத்தான், கேடயத்தைச் சுவரில் எங்கே மாட்டலாம் என்று பார்த்துக்கொண்டே.

அக்கா தூரிகைப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். நேரமெடுத்துத்தான் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“இந்த வீட்ல மாதிரிக்கு ஒண்ணும் இல்லைங்க,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.